இணை டீன் பதவி தருகிறார்கள், போகலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. காரைக்குடிப் பக்கம் ஒரு சுயநிதி கல்வியியல் கல்லூரியில் 12 வருடமாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் பி.எட். மட்டும்தான். நான் எம்.எஸ்சி. கணிதம், எம்.எட். முடித்து, லீவு போடாமல் பகுதிநேரமாகவே கல்வியியலில் பிஎச்.டி.யும் வாங்கிவிட்டேன். ஒன்பது ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் டீன் ஆக வேண்டும் என்பது என் ஆசை. அழகப்பர் கல்லூரியில் படித்த என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) என்னைவிடப் பெரிய ஆசை. இப்போது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் 'இணை டீன்' பதவி தருவதாகச் சொல்கிறது. இப்போது வாங்குவதைப் போல இரண்டு மடங்கு சம்பளம், ஒரு வருட ஒப்பந்தம். வீட்டுக்காரருக்குக் கடை இங்கே. மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போகலாமா? டீன் ஆக வேறு என்ன செய்ய வேண்டும்? கல்வி மேலாண்மையில் ஒரு டிப்ளமோ செய்தால் உதவுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: உதவிப் பேராசிரியர் என்ற இடத்திலிருந்து நேராக டீனுக்குத் தாவிவிட்டீர்கள். நடுவில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று இரண்டு படிகள் இருக்கின்றன. கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் எழுதப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு படிகளைப் பற்றித்தான். ஏனென்றால் அவற்றைத் தாண்டியவருக்கு டீன் பதவி தானாக வரும், தாண்டாதவருக்கு அது வந்தாலும் நிலைக்காது.

டீன் என்றால் நம் ஊரில் பலர் மருத்துவக் கல்லூரி டீனை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத் தலைவர். பல்கலைக்கழகத்தில் கல்வியியல் புலத்துக்கு இருக்கும் டீன், அதாவது புல முதன்மையர், அப்படியில்லை. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் அந்தப் பதவிக்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பேராசிரியர்களில் ஒருவரை, பணிமூப்பைப் பார்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு நியமிப்பார்கள். எத்தனை வருடம், யார் நியமிப்பது என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகச் சட்டவிதியைப் பொறுத்தது. உங்கள் ஊர் நகரத்தார் கோவிலில் காரியம் பார்க்க முறை வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முறை வரும்போது சாவியை வாங்கிக்கொண்டு கணக்கு வழக்குப் பார்க்க வேண்டும்; முடிந்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

சம்பளமும் அப்படித்தான். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியர் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. இந்த வரிசையில் டீனுக்கென்று ஒரு படி கிடையாது. டீனாக இருக்கும் பேராசிரியர், பேராசிரியர் சம்பளத்தைத்தான் வாங்குகிறார். டீன் காலம் முடிந்து திரும்பிப் போகும்போது உட்கார ஒரு பேராசிரியர் நாற்காலி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தனியார் பல்கலைக்கழகங்கள் தரும் 'இணை டீன்', 'துணை டீன்' போன்ற பதவிகளில் அந்த நாற்காலி சில சமயம் இருக்காது. விசிட்டிங் கார்டு மட்டும் இருக்கும்.

அப்பச்சியின் ஆசை எனக்குப் புரிகிறது. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். கோட்டையூர் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்ட வைத்தார். கல்லூரியாக அவர் போட்ட விதைதான் 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமாக ஆனது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவருக்குப் பல்கலைக்கழகப் பதவி என்றால் அது பெரிய விஷயம்தான். ஆனால் அப்பச்சியிடம் விளையாட்டாகக் கேட்டுப் பாருங்கள்: அவர் படித்த காலத்தில் டீனாக இருந்த ஒருவர் பெயராவது நினைவிருக்கிறதா என்று. பாடம் நடத்தியவர்கள் பெயரை வரிசையாகச் சொல்வார்.

சரி, டீன் என்ன செய்கிறார்? நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் புலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விளம்பரத்தில் 'கல்வித் தலைமை' என்று போடுவார்கள். மேஜைக்கு வருவது வேறு.

கல்வியியலில் மற்ற புலங்களுக்கு இல்லாத ஒரு தலைவலி உண்டு: பள்ளிப் பயிற்சி. 2014-ம் வருட என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிமுறைப்படி 2015-16 முதல் பி.எட். இரண்டு வருடப் படிப்பு ஆனது உங்களுக்குத் தெரியும். அதில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். கல்லூரியில் இருக்கும் உங்களுக்கு இது பழகிய விஷயம். டீன் பக்கம் அது எப்படித் தெரியும் என்றால், முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் போக வேண்டும். அங்கிருந்து பள்ளி ஒதுக்கீடு வர வேண்டும். ஒதுக்கிய பள்ளி வீட்டுக்குத் தூரம் என்று மாணவிகளின் அப்பாக்கள் வருவார்கள். தலைமையாசிரியர் ஒருவர், "எனக்குக் கணக்கு வாத்தியார் இல்லை, நீங்கள் அனுப்பின பிள்ளையை வருஷம் முழுக்க விட்டுடுங்க" என்பார். இன்னொருவர், "பத்தாம் வகுப்பில் பயிற்சி ஆசிரியரை விட்டு ரிசல்ட்டைக் கெடுக்காதீங்க" என்று ஆறாம் வகுப்புக்கே அனுப்பி வைப்பார். இருவரும் அவரவர் பக்கம் நியாயமானவர்கள்தான். பாடத்திட்டத்தில் இருக்கும் பயிற்சி, பள்ளியில் உண்மையாகவே நடக்கிறதா என்று பார்ப்பதுதான் கல்வியியல் டீனின் முதல் வேலை என்பது என் கருத்து. பலர் பார்ப்பதில்லை. கையெழுத்தான பயிற்சிப் பதிவேடு வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் பாடத்திட்டக் குழுக் கூட்டம், கல்விக் குழுக் கூட்டம், பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுகள், தரமதிப்பீடு செய்யும் 'நாக்' அமைப்பின் ஆய்வுக்கு ஐந்து வருடத் தரவு சேர்ப்பது, இரண்டு பேராசிரியர்கள் பேசிக்கொள்ளாததால் நின்றுபோன ஒரு கோப்பு, வழிகாட்டி மேல் புகாரோடு கண் கலங்கி நிற்கும் ஆய்வு மாணவி. கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. புகார் சொல்பவரின் எதிர்காலம் யார் கையில் இருக்கிறதோ, அவரைத்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவர் என்னுடைய சக பேராசிரியர், அடுத்த அறைக்காரர். இந்த இடத்தில் நேராக நிற்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். நிற்க முடியும் என்றால் டீன் ஆசை நல்ல ஆசை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். கணிதக்காரர் நீங்கள், எண்களோடு சொன்னால்தான் பிடிக்கும்.

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் ஆக, முதுகலையில் 55 சதவீதமும் பிஎச்.டி.யும், உதவிப் பேராசிரியராக எட்டு வருட அனுபவமும், ஏழு கட்டுரைகளும், 75 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். பேராசிரியர் ஆக பத்து வருட அனுபவம், பத்துக் கட்டுரைகள், 120 மதிப்பெண், கூடவே பிஎச்.டி. மாணவரை வெற்றிகரமாக வழிநடத்தியதற்குச் சான்று. உங்கள் 12 வருடமும் ஒன்பது கட்டுரைகளும் முதல் படிக்குத் தாராளமாகப் போதும் என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கல்வியியலில் ஒரு கட்டுரைக்கு அடிப்படையாகப் பத்து மதிப்பெண், இதழைப் பொறுத்து அது கூடலாம். தனியாக எழுதியிருந்தால் ஒன்பதுக்கும் சேர்த்து 90. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து எழுதியது என்றால் ஆளுக்கு 70 சதவீதம்தான். பிஎச்.டி. காலத்தில் வந்தவை எல்லாம் வழிகாட்டியோடு சேர்ந்துதானே வந்திருக்கும்? ஒன்பதும் அப்படியென்றால் 63. அடிப்படைக் கணக்கில் மட்டும் 75-க்கு எட்டாது. அதோடு, மதிப்பெண் முழுவதையும் கட்டுரையிலேயே திரட்டவும் முடியாது. புத்தகம், மின்பாடம், ஆய்வு வழிகாட்டல், கருத்தரங்கு என்று இருக்கும் ஆறு வகையில் குறைந்தது மூன்றிலிருந்து வர வேண்டும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ் ஏதாவது பட்டியலில் இருந்தால் அதை இப்போதே கழித்துவிடுங்கள். தரமான இதழ்களுக்கென்று வைத்திருந்த 'கேர்' பட்டியலை யுஜிசி 2025-ல் கைவிட்ட பிறகு, இதழின் தரத்தை எடைபோடும் வேலை நிறுவனங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. சுமாரான இதழைப் பார்த்ததும் நேர்காணலில் முகம் மாறிவிடும்.

பகுதிநேரமாகப் படித்த வருடங்கள் கழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். லீவு போடாமல் பாடம் நடத்திக்கொண்டே செய்த ஆய்வுக் காலம் ஆசிரியர் அனுபவமாகவே கணக்கில் வரும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. உங்கள் நியமனம் தற்காலிகம் அல்லது ஒப்பந்தம் என்று ஆணையில் இருந்தால், அந்த வருடங்களைக் கணக்கில் எடுக்க, நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் நீங்கள் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது விதி. நம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் என்ன சம்பளம் தருகின்றன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே நியமன ஆணை, தேர்வுக்குழுப் பதிவு, பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல், வங்கிச் சம்பள வரவு எல்லாவற்றையும் இந்த மாதமே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வேலையை விட்ட பிறகு பழைய கல்லூரியில் போய் ஒரு தாள் வாங்குவது எப்படி என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

சென்னை வேலைக்கும் இதே விதிதான். 'இரண்டு மடங்கு' என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை ஆயிரம் என்று எழுதவில்லை. இருபத்தைந்தாயிரத்தின் இரண்டு மடங்கு ஐம்பதாயிரம். அது நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமான 57,700-க்கே கீழே. ஒரு வருட ஒப்பந்தத்தில் அந்தச் சம்பளத்துக்கு 'இணை டீன்' ஆக இருந்தால், அந்த அனுபவம் நாளைக்கு ஒரு அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் செல்லாமல் போகலாம். பெயர்ப் பலகையில் இருப்பது அங்கே எடுபடாது.

ஆனாலும் போகாதீர்கள் என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு காரணம் இருக்கிறது. பேராசிரியர் ஆக, பிஎச்.டி. மாணவரை வழிநடத்தியிருக்க வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? 2022-ம் வருட பிஎச்.டி. விதிமுறைப்படி, கல்லூரிகளில் முதுகலை அல்லது நான்கு வருட இளங்கலைப் படிப்பு நடந்தால்தான் பிஎச்.டி. நடத்த முடியும். உங்கள் கல்லூரியில் பி.எட். மட்டும். அங்கேயே இன்னும் பத்து வருடம் இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது. எம்.எட்.டும் ஆய்வுத் துறையும் இருக்கும் ஓர் இடத்துக்கு நீங்கள் எப்படியும் நகர்ந்தாக வேண்டும். அந்த வகையில் சென்னைக்குப் பக்கத்தில் கூப்பிடும் அந்தத் தனியார் பல்கலைக்கழகம் ஒரு வாய்ப்புதான்.

அதனால் அவர்களிடம் பேரத்தை மாற்றிப் பேசுங்கள். "இணை டீன் வேண்டாம், இணைப் பேராசிரியர் பதவி வேண்டும், யுஜிசி ஊதிய விகிதத்தில்" என்று கேளுங்கள். வழிகாட்டி அங்கீகாரம் எப்போது கிடைக்கும், எத்தனை மாணவர்களைத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். உதவிப் பேராசிரியர் நான்கு பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், பேராசிரியர் எட்டு பேர் வரை ஒரே சமயத்தில் வழிநடத்தலாம் என்பது வரம்பு. இன்றைக்கு ஒரு மாணவரைச் சேர்த்தாலும் குறைந்தது மூன்று வருடம் ஆகும், நடைமுறையில் நான்கைந்து. தமிழ்நாட்டில் ஓய்வு வயது 60. உங்களுக்கு இன்னும் 19 வருடம் இருக்கிறது, போதுமான காலம்தான், இப்போதே தொடங்கினால்.

இன்னும் ஒன்று நேராகக் கேட்டுவிடுங்கள்: மாணவர் சேர்க்கைக்கு எனக்கு இலக்கு உண்டா? சில தனியார் நிறுவனங்களில் இணை டீனின் கோடைக்காலம் முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிப்பதிலேயே கழிகிறது. இதற்கு அவர்கள் மழுப்பினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால்தான் சேரலாம் என்றாலும் அதே பதில்தான். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

பணத்துக்காகப் போகிறேன் என்றால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். மகளின் படிப்பு, கடையின் நிலைமை, உங்களுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் பணம் என்ற காரணத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள். சென்னை வாடகை, இரண்டு குடும்பச் செலவு, மாதம் இரண்டு முறை பல்லவன் ரயிலில் வந்து போவது எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். டீன் ஆசையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதற்கிடையில் உங்கள் கண்ணில் படாத ஒரு பதவி பக்கத்திலேயே இருக்கிறது. என்சிடிஇ விதிமுறைப்படி பி.எட். கல்லூரி முதல்வராக முதுகலையிலும் எம்.எட்.டிலும் 55 சதவீதம், கல்வியியலில் பிஎச்.டி., ஆசிரியர் கல்வி நிறுவனத்தில் எட்டு வருட அனுபவம் வேண்டும். மதிப்பெண் சதவீதம் சரியாக இருந்தால் நீங்கள் இன்றைக்கே தகுதியானவர். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத்தில் கல்வியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நூறு மாணவர் உள்ள ஒரு கல்லூரியில் முதல்வராக இரண்டு வருடம் இருந்தால், டீன் வேலையில் இருக்கும் எல்லாத் தொல்லைகளும் சின்ன அளவில் கைக்கு வந்துவிடும். வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் மாணவரை என்ன செய்வது, நிர்வாகத்திடம் எப்படி 'முடியாது' என்று சொல்வது, எல்லாம். அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் டீன் வேலையும் பிடிக்காது. அதை வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துகொள்ளலாம். முதல்வர் பதவியால் ஆய்வு வழிகாட்டல் பிரச்சினை தீராது என்பதையும் நினைவில் வையுங்கள். எம்.எட். உள்ள கல்லூரியாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நடக்கலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடிக்கும்வரை ஊரை விட்டு நகர மாட்டேன். அந்தக் காலத்தில் இரண்டு கட்டுரை, தனியாக, நல்ல இதழில். பொருளுக்கு எங்கும் போக வேண்டாம். நீங்கள் கணிதக் கற்பித்தல்காரர். தொடக்க வகுப்புகளுக்கு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் படித்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். சாக்கோட்டை, கல்லல் ஒன்றியத்துப் பள்ளிகளில் அந்தப் பிள்ளைகள் கழித்தலில் எங்கே தடுக்கி விழுகிறார்கள், வகுத்தலுக்கு ஏன் பயப்படுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்து எழுத உங்களைவிட வசதியான இடத்தில் இருப்பவர் யார்? பயிற்சிக்கு மாணவிகளை அனுப்பும்போது எப்படியும் அந்தப் பள்ளிகளுக்குப் போகத்தான் செய்கிறீர்கள்.

காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை இருக்கிறது. மற்ற பல்கலைக்கழகங்களின் விளம்பரத்தோடு அதன் நியமன அறிவிப்பையும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். யுஜிசி 2025 ஜனவரியில் புதிய விதிமுறைக்கு ஒரு வரைவு வெளியிட்டது. அதனால் எந்த விண்ணப்பம் போட்டாலும் அது எந்த வருட விதியின்படி என்று முதலில் படித்துவிட்டு அப்புறம் நிரப்புங்கள். மேலே நான் சொன்ன எண்கள் 2018 விதியின் எண்கள்.

கடைசியாக டிப்ளமோ. வேண்டாம். முதல்வர் பதவிக்கு அது இருந்தால் நல்லது என்று என்சிடிஇ விதிமுறை சொன்னாலும் கட்டாயமில்லை; பேராசிரியர் பதவிகளுக்கு அது தகுதியே இல்லை, ஆய்வு மதிப்பெண்ணிலும் அதற்கு இடமில்லை. அந்தக் கட்டணத்தில் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கி, கணிதம் கற்பித்தலில் ஒரு மின்பாடம் தயாரியுங்கள். அது மதிப்பெண் பட்டியலில் ஒரு வகை.